கேடயத்தில் கோணல் கோடு

டாக்டர் தாணுமாலையன் சாலைக் கடைத்தெருவில் பல் ஆஸ்பத்திரி வைத்திருந்தார். நாகர்கோவில் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் படிக்க வந்தவர், படித்து முடித்து இங்கேயே தங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரைத் தேடி யாராவது வீட்டுக்குப் போன் செய்தால், அவர் மனைவி பகவதி, "பெர்சியாவுக்குப் போயிருக்காரு, சாயங்காலம் வந்திருவாரு" என்று சொல்வாள். பகவதி கணக்கு டீச்சர். சிரிக்காமல் சொல்வாள்.

ஸ்ரீவராகத்தில் வெங்கிடேஷ் வீட்டுச் சாப்பாட்டு மேஜைதான் அந்தப் பெர்சியா.

வெங்கிடேஷ் எஞ்சினீயர். டாக்டரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன். மேற்படிப்புக்காக இங்கிலாந்து போனபோது அங்கே ஒரு கிளப்பில் சேர்ந்து, பழங்காலப் போர்களை மேஜைமேல் ஆடும் விளையாட்டைப் பழகிக்கொண்டு வந்தான். ஓர் அங்குல உயரத்தில் ஈயச் சிப்பாய்கள். ஒவ்வொருவனுக்கும் வர்ணம் பூச வேண்டும். நாலைந்து பேராகச் சின்னப் பலகைகளில் ஒட்டி, காலடியில் மண்ணும் புல்லும் வைக்க வேண்டும். பிறகு படைகளை எதிரெதிரே நிறுத்தி, ஸ்கேல் வைத்து அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போட வேண்டும். வெங்கிடேஷ் ஊருக்குத் திரும்பும்போது ஒரு முழு கிரேக்கப் படையோடு வந்து இறங்கினான். சண்டைக்குத்தான் எதிராளி இல்லை.

எதிராளி பல்வலியால் கிடைத்தார். கடைவாய்ப் பல்லுக்கு உறை போடப் போனவன், டாக்டர் ஒரு மெழுகுத் துண்டைச் செதுக்கிப் பல்லாக ஆக்குவதை வாயைத் திறந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தான். வேலை முடிந்து வாய் கொப்பளித்ததும் கேட்டான்.

"டாக்டர், நீங்கோ பெயிண்ட் அடிப்பேளா?"

"எதுக்கு? வீட்டுக்கா?"

"இல்லை. சிப்பாய்க்கு."

இப்படி ஆரம்பித்து ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. டாக்டர் எடுத்துக்கொண்டது பாரசீகப் படை. கிரேக்கன் என்றால் வெண்கலமும் சிவப்பும், முடிந்தது கதை என்பார். பாரசீகன் அப்படி இல்லை. ஒருவன் கால்சட்டையில் மஞ்சளும் நீலமும் வரிவரியாக இருக்கும்; பக்கத்தில் நிற்பவனுக்கு ஊதா அங்கி, ஓரத்தில் வெள்ளைக் கட்டம். "நல்ல துணி உடுத்திக்கிட்டு எம்புட்டு தூரம் நடந்து வந்திருக்கான் பாரும். வந்தவனை ஈட்டியால குத்துதீரே வே" என்று வெங்கிடேஷிடம் சொல்வார். அநேகமாக எல்லா ஞாயிறும் அவர்தான் தோற்பார்.

அந்த வருஷம் ஜூன் மாதத்து இடவப்பாதி மழை தொடங்கியபோது, இங்கிலாந்தில் லெஸ்டரிலிருந்து வெங்கிடேஷின் அக்கா லீவில் வந்தாள். அவள் பெட்டியில் சாக்லேட்டுக்கு அடியில் மூன்று பொட்டலம் பாரசீகக் காலாட்படை இருந்தது. முன்வரிசைக்காரன் ஆள் உயரப் பிரம்புக் கேடயத்தைத் தரையில் ஊன்றி நிற்பான். அதன் மறைவில் வில்லாளிகள் நிற்பார்கள். பிரம்பைத் தோலில் கோத்துப் பின்னிய கேடயம் என்பதால் அதன்மேல் நெளிநெளியாகக் கோடு வரும். டாக்டர் அதைப் பார்த்ததுமே, ஒவ்வொரு கேடயத்துக்கும் ஒவ்வொரு நெளி என்று முடிவு செய்துவிட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து வேலை செய்வார். நல்ல காலை வெளிச்சம் வரும். பல் பார்க்கும் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பாட்டில் மூடியில் ஒட்டிய சிப்பாயை இடது கையில் பிடித்துக்கொள்வார். பல் சுரண்டும் ஊசியால் ஈயப் பிசிறை எடுத்துவிட்டு, சாம்பல் பூச்சு பூசி, மேலே ஒவ்வொரு நிறமாகக் கொண்டுவருவார். முதல் பொட்டலம் அழகாக முடிந்தது. பகவதியே ஒருவனை எடுத்துப் பார்த்து, "என் சேலைக்குக்கூட இம்புட்டு வேலைப்பாடு இல்ல" என்றாள்.

இரண்டாவது பொட்டலத்தில் ஒரு காலையில் கோடு கோணிக்கொண்டது. ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டு மறுபடி போட்டார். பிரஷ் கேடயத்தைத் தொடும் அந்த நொடியில் நுனி படபடத்தது. கோடு புழு நெளிந்த மாதிரி போயிற்று. பிரஷ் பழசாகிவிட்டது என்று நினைத்தார். புது பிரஷ் வாங்கினார். பிறகு காப்பியை விட்டார். மணிக்கட்டை மேஜை விளிம்பில் அழுத்திக்கொண்டு பார்த்தார். கொஞ்சம் சரியானது போலிருந்தது. அடுத்த நாள் மறுபடியும் அதே படபடப்பு.

ஆஸ்பத்திரியில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. நோயாளியின் தாடையில் ஒரு விரலை ஊன்றிக்கொண்டுதான் எப்போதும் வேலை செய்வார். விரல் ஊன்றினால் கை நின்றது. அது போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பொம்மை வேலைக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான். மீதிக் கேடயங்களில் நெளி போடாமல், ஒரே நிறத்தில் பூசி முடித்தார். மூன்றாவது பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

ஓணம் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுப் படையை ஸ்ரீவராகத்துக்குக் கொண்டுபோனார். பலகையில் ஒட்டியிருந்தார், மண் இன்னும் போடவில்லை. வெங்கிடேஷ் ஒவ்வொரு வரிசையாகக் குனிந்து பார்த்தான்.

"என்ன டாக்டர், இந்தப் பக்கம் நிக்கறவாளுக்கு மட்டும் கேடயம் மொட்டையா இருக்கு?"

"அவனுவ அவசரத்துல சேத்த ஆளுவ வே. அலங்காரத்துக்கு நேரம் இல்ல."

வெங்கிடேஷ் சிரித்தான். ஆட்டம் தொடங்கியது. டாக்டர் ஒரு வில்லாளிப் பலகையை இரண்டு விரலால் எடுத்து, மற்ற இரண்டு பலகைகளுக்கு நடுவே வைக்கப் போனார். வைக்கும்போது விற்கள் பக்கத்துச் சிப்பாய்களின் ஈட்டியில் பட்டு டிக் டிக் என்று சத்தம் கேட்டது. டாக்டர் பலகையை வைத்துவிட்டுக் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டார். வெங்கிடேஷ் நிமிரவில்லை. ஸ்கேலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுக்கு அன்றைக்கு ஆட்டத்தில் மனசு போகவில்லை. காரணம், அவன் மனைவி மாளவிகாவுக்கு அந்தப் புதன்கிழமை ஒரு பல்லில் வேர்ச் சிகிச்சை. செய்யப்போவது தாணுமாலையன் டாக்டர்.

டாக்டர் புதுப் படையை அங்கேயே விட்டுவிட்டுப் போன பிறகு மாளவிகாவிடம், "புதன்கிழமை அங்கே போகண்டாம். வேறே ஆள்கிட்டே காட்டலாம்" என்றான்.

"எந்துக்கு? நம்ம டாக்டர் அல்லவா?"

"போகண்டாம்னா போகண்டாம். பின்னே சொல்றேன்."

மாளவிகா அவனை ஒரு மாதிரி பார்த்தாள். ஆனால் அவன் காரணமில்லாமல் இப்படிப் பேசுகிறவன் இல்லை என்று அவளுக்குத் தெரியும். வேறு ஒரு டாக்டரிடம் போய்ப் பல்லைச் சரி செய்துகொண்டாள். டாக்டரின் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டாள்.

பத்து நாள் கழித்துச் சாலைக் கடைத்தெருவில் காய்கறி வாங்கும்போது பகவதி அவளைப் பார்த்தாள். "பல்லு எப்பிடி இருக்கு? எப்ப வாறே?" என்று சாதாரணமாகக் கேட்டாள். மாளவிகாவுக்கு நேருக்கு நேர் பொய் சொல்ல வரவில்லை. வேறு இடத்தில் முடிந்துவிட்டது என்றாள். பகவதியும் வீட்டுக்குப் போய்க் கணவனிடம் சாதாரணமாகவே சொன்னாள்.

டாக்டர் அந்த ஞாயிறு சீக்கிரமே ஸ்ரீவராகம் போனார். உட்காரவில்லை.

"என்கிட்ட வர வேண்டாம்னு பொண்டாட்டிட்ட சொன்னீரா வே?"

வெங்கிடேஷ் எழுந்து நின்றான். "சொன்னேன்."

"என்னனு சொன்னீரு?"

"காரணம் சொல்லலை, டாக்டர். போகண்டாம்னு மட்டும் சொன்னேன்."

"என்கிட்ட சொல்லலாம்லா?"

"சொல்லணும்னுதான் நெனச்சேன். வாய் வரலை."

அவன் மேஜைமேல் நின்ற படையிலிருந்து இரண்டு பலகைகளை எடுத்து டாக்டர் முன்னால் வைத்தான். ஒன்றில் நெளிக்கோட்டுக் கேடயங்கள். இன்னொன்றில் மொட்டைக் கேடயங்கள். அதில் ஒன்றில், பூச்சுக்கு அடியில், துடைத்தும் போகாத ஒரு கோணல் கோடு மங்கலாகத் தெரிந்தது.

டாக்டர் இரண்டையும் பார்த்தார். முகம் சிவந்தது. "பொம்மையை வச்சி எனக்கு வைத்தியம் பாக்கீரு. நல்லாருக்கு." தன் படையைப் பிஸ்கட் டப்பாவில் அள்ளிப் போட்டார். ஈட்டி வளையுமே என்று வெங்கிடேஷ் கை நீட்டினான், அவர் தடுத்துவிட்டார். மாளவிகா காப்பியோடு வந்தபோது வாசல் கேட் சாத்தும் சத்தம் கேட்டது.

அடுத்த இரண்டு ஞாயிறும் டாக்டர் வீட்டிலேயே இருந்தார்.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை தம்பானூர் ஓட்டலில் பரோட்டா போடும் இசக்கிப்பாண்டி பல் பிடுங்க வந்தான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், டாக்டரிடம் தமிழில் பேசலாம் என்பதற்காகவே வருகிறவன். ஈறு மரத்துப்போக ஊசி போட வேண்டும். டாக்டர் ஊசியை எடுத்து அவன் வாயருகே கொண்டுபோனார். மேலே பெரிய விளக்கு. அந்த வெளிச்சத்தில் ஊசிமுனை நடுங்குவதை இரண்டு பேருமே பார்த்தார்கள்.

இசக்கிப்பாண்டி வாயை மூடிக்கொண்டான். "டாக்டரய்யா, ஊசி எனக்குத்தான? நீங்க ஏன் பயப்படுதிய?"

கேலியாகச் சொல்லவில்லை. அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. டாக்டர் சிரிக்கப் பார்த்தார். இன்னொரு முறை ஊசியைத் தூக்கினார். பிறகு மெதுவாகத் தட்டில் வைத்துவிட்டு, அடுத்த அறைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்.

"அஜிதா, ஒண்ணு இங்க வா."

அஜிதா அவர் ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷமாக வேலை பார்க்கும் இளம் டாக்டர். கையுறையோடு வந்து நின்றாள்.

"இவருக்கு நீ எடுத்துவிடு."

"சார் ஊசி எடுத்துட்டீங்களே. நீங்களே முடிக்கலாமே?"

"இல்ல மோளே. நீ செய்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள், தட்டிலிருந்த ஊசியைப் பார்த்தாள், வேறு ஒன்றும் கேட்காமல் நாற்காலியை இழுத்துக்கொண்டாள். டாக்டர் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். வலது கையை நீட்டி, புறங்கையில் ஒரு மருந்துச் சீட்டை வைத்தார். மின்விசிறி ஓடவில்லை. சீட்டு துடித்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்குப் போனதும் பகவதியிடம் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "கொஞ்ச காலமா உங்க கப்புல முக்கால்தான் ஊத்துகேன். நீங்க கவனிக்கல" என்றாள்.

"எதுக்கு?"

"நிறைய ஊத்தினா சிந்துது. சிந்தினா உங்க முகம் மாறுது."

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அப்படிப் பிடித்துக்கொண்டபோது கை நடுங்கவில்லை.

நரம்பு டாக்டர் வயதில் சின்னவர். ஒரு வெள்ளைத் தாளில் சுருள் ஒன்று வரையச் சொன்னார். தாணுமாலையன் வரைந்தது முள்வேலி மாதிரி வந்தது. உயிருக்கு ஆபத்தான நோய் இல்லை என்றார். சில குடும்பங்களில் வரும். அப்பாவுக்கு இருந்ததா என்று கேட்டார். டாக்டருக்கு அப்பா சந்தனம் குழைக்கும்போது கிண்ணம் தரையில் தட்டும் சத்தம் நினைவு வந்தது. இதற்கு வழக்கமாகக் கொடுக்கிற மாத்திரையை ஆஸ்துமா இழுப்பு இருப்பவருக்குக் கொடுக்க முடியாது. டாக்டருக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. இன்னொரு மாத்திரையைச் சாப்பிட்டுப் பார்த்ததில் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி விழுந்தார். "சார், இனி டிரில் பிடிக்க வேண்டாம்" என்றார் நரம்பு டாக்டர், மிகவும் மரியாதையாக.

தாணுமாலையன் அதற்குப் பிறகு டிரில் பிடிக்கவில்லை. நாற்காலியும் விளக்கும் அஜிதாவின் கைக்குப் போயின. டாக்டர் முன்னறையில் உட்கார்ந்து எக்ஸ்ரே பார்த்தார், பயந்து வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தார். இசக்கிப்பாண்டி இன்னொரு பல்லுக்காக வந்தபோது, "இப்ப பயம் போயிட்டா டாக்டரய்யா?" என்று அக்கறையாக விசாரித்தான். "போயிட்டு" என்றார்.

வீட்டில்தான் கஷ்டமாக இருந்தது. காலையில் ஜன்னலோரம் போய் உட்காருவார், சும்மா வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு சனிக்கிழமை பகவதி அவரைப் பொன்முடி மலைக்குக் கிளப்பினாள். கார் ஓட்ட ஆள் வைத்துக்கொண்டு போனார்கள். திரும்பும் வழியில் கல்லாற்றில் காரை நிறுத்தி இறங்கிச் சாயா குடித்துவிட்டு ஆற்றோரம் போனார்கள். டாக்டர் பாறைமேல் உட்கார்ந்தார். பகவதி செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கி, குனிந்து எதையோ அள்ளிக் கொண்டிருந்தாள். காலையில் இட்லி கொண்டுவந்த டிபன் டப்பாவில் மணல்.

"இது ஆகுமா உங்க பட்டாளத்துக்கு?"

"பெயிண்ட் அடிக்க முடியாதவனுக்கு மணல் எதுக்கு?"

"அடிச்ச ஆளுவளே மொட்டைப் பலகையில அந்தரத்துல நிக்கானுவ. அவனுவளுக்காவது ஒரு தரை வேணும்லா?"

டப்பாவை வாங்கி, ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். ஆற்று மணல், உப்பு இல்லாதது. நல்ல பொடி.

மறுநாளே தொடங்கிவிட்டார். மணலைக் காயவைத்து டீ வடிகட்டியில் சலித்தார். செங்கல்லை நுணுக்கி அதோடு கலந்தார். சிப்பாய்களின் காலடியில் பலகை மேடுபள்ளமாக இருந்த இடத்தைப் பல் அச்சு எடுக்கும் பிளாஸ்டரால் நிரப்பினார். மேலே ஃபெவிகால் தடவி, மணலை விரலில் எடுத்துத் தூவினார். அப்போதுதான் கவனித்தார்: மணல் ஓரிடத்தில் குவியாமல் பரவலாக விழுந்தது. முன்பு இதே வேலையில் திட்டுத்திட்டாக விழும், ஊதி ஊதிச் சரி செய்வார்.

"பகவதி, இங்க வா. தூவுகதுக்கு நடுக்கம் நல்லதுதான் போல."

அவள் வந்து பார்த்தாள். "அப்ப வடைக்கு மாவு சலிக்கவும் வாங்க" என்றாள். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று அவள் சமையலறைக்குப் போன பிறகு நினைத்துக்கொண்டாள்.

காய்ந்த மணல்மேல் பட்டை பிரஷ்ஷால் பழுப்பும், அதன்மேல் வைக்கோல் நிறமும் லேசாக இழுத்தார். அதற்குக் கை நேராக நிற்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. பலகையைத் தூக்கும்போது விரல் சிப்பாய்மேல் பட்டு வில் வளைந்தது. பிடிக்க இடம் வேண்டும். பழைய பலகையிலிருந்து எல்லாரையும் பெயர்த்து, இரண்டு பக்கமும் ஒரு விரல் அகலம் கூடுதலாக வெட்டிய புதுப் பலகையில் ஒட்டினார். அது வெங்கிடேஷின் விதிக்கு ஒத்துவராது. எத்தனை பேருக்கு எவ்வளவு அகலப் பலகை என்பதில் அவன் மில்லிமீட்டர் விடமாட்டான். பலகை அகலமானால் வரிசை நீளும், சண்டைக் கணக்கே மாறும்.

இருந்தாலும் ஒரு நாள் சாயங்காலம் போன் செய்தார்.

"வெங்கி, தாணு பேசுகேன்."

"சொல்லுங்கோ, டாக்டர்."

"நீர் சொன்னது சரிதான் வே. ஆஸ்பத்திரியில நான் இப்ப கை வைக்கது இல்ல. அஜிதாதான்."

"கேள்விப்பட்டேன். வரணும்னு இருந்தது. வந்தா உங்களுக்குக் கோவம் வருமோன்னு..."

"வந்திருந்தா வந்திருக்கும்தான்." டாக்டர் தொண்டையைச் செருமினார். "பலகையை எல்லாம் அகலமா வெட்டிட்டேன். பிடிக்கதுக்கு இடம் வேணும். உம்ம ரூலுக்கு ஆகாது. ஆனா சும்மா ஆடிப் பாக்கலாம்னா வாறேன்."

"எவ்வளவு அகலம்?"

சொன்னார்.

"இந்த ஞாயத்துக்கிழமை வேண்டாம், டாக்டர். அதுக்கடுத்தது வாங்கோ" என்றான் வெங்கிடேஷ், வேறெதுவும் சொல்லாமல் வைத்துவிட்டான்.

டாக்டருக்கு முகம் வாடிவிட்டது. "விதியை விடமாட்டான். யோசிச்சுச் சொல்லுவான் போல" என்று பகவதியிடம் சொன்னார். வெங்கிடேஷ் சொன்ன ஞாயிறு வந்தபோது போகலாமா வேண்டாமா என்று இரண்டு மனசு. பகவதிதான், "நானும் வாறேன், கிளம்புங்க" என்றாள்.

வெங்கிடேஷ் வீட்டு மேஜைமேல் கிரேக்கப் படை நின்றிருந்தது. இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த பழைய பலகைகள் ஒன்றுகூட இல்லை. அத்தனை பேரும் புதிய, வர்ணம் பூசாத மரப்பலகைகளில் நின்றார்கள். டாக்டர் கிட்டே போய்ப் பார்த்தார். தன் பலகைகளின் அதே அகலம். சில பேருக்குக் கணுக்காலில் பசை வழிந்திருந்தது. இரண்டு பேர் சாய்ந்து நின்றார்கள்.

"எல்லாத்தையும் கத்தியால நெம்பி எடுத்தார்" என்றாள் மாளவிகா. "ரெண்டு வாரமா இந்த வீட்டில் சாப்பாடு தரையில்தான். மூணு பேருக்குக் கால் ஒடிஞ்சுபோச்சு. ஒருத்தனை ஊசி குத்தி நிறுத்தியிருக்கு."

வெங்கிடேஷ் ஸ்கேலை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். "ரெண்டு பக்கமும் ஒரே அளவானா கணக்கு சரியாயிடும். ரூல் புஸ்தகத்திலேயே போட்டிருக்கு."

டாக்டர் ஒரு கிரேக்கப் பலகையைத் தூக்கினார். பிடிக்க இடம் இருந்தது. "மொட்டையா விட்டிருக்கீரே வே, பாவம். மணல் நான் போட்டுத் தாறேன்" என்றார்.

அன்றைக்கு ஆட்டம் நடக்கவில்லை. பகவதி கொண்டுவந்த டப்பாவில் மணல் மீதி இருந்தது. வெங்கிடேஷ் பசை தடவ, டாக்டர் தூவினார். நடுவில் அவர் மாளவிகாவைப் பார்த்து, "அந்தப் பல்லைக் காட்டு பாப்போம்" என்றார். அவள் தயங்கினாள், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு டாக்டர் குனிந்து பார்த்தார்.

"நல்லா செஞ்சிருக்கான். குறை ஒண்ணும் இல்ல" என்றார். மாளவிகாவின் கண் கலங்கிவிட்டது. டாக்டர் கவனிக்காதவர் மாதிரி மணல் டப்பாவுக்குத் திரும்பினார்.

பிரிக்காமல் இருந்த மூன்றாவது பொட்டலத்தை எடுத்துக்கொண்டது மாளவிகாதான். அவளுக்குப் பாரசீகமும் தெரியாது, கிரேக்கமும் தெரியாது. முதல் சிப்பாய்க்குக் கோயில் சுவர்ச் சித்திரத்தில் வருகிற மாதிரி காதுவரை கண் எழுதிவிட்டாள்.

"இவன் என்ன இப்படி முழிக்கறான்?" என்றான் வெங்கிடேஷ்.

"சண்டைக்கு வந்தவன் கண்ணை மூடிண்டு நிப்பானா?" என்றாள் அவள்.

கேடயத்துக்கு என்ன போடுவது என்று தெரியாமல், தன்னிடமிருந்த ஒரு சேலைக் கரையைப் பார்த்துக் கோபுரக் கரை போட்டாள். அது வரலாற்றுக்குச் சரிவராது என்று வெங்கிடேஷ் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தான். டாக்டர் அதைப் பிடுங்கி மூடினார். "அந்த ஆளுவளை நேர்ல பாத்தவன் யாரு வே? இருக்கட்டும். என் பட்டாளம்." கோடுகள் நேராகத்தான் வந்திருந்தன. அந்தக் கேடயத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். தன் கையால் வராத ஒன்றைப் பார்க்கும்போது நெஞ்சில் ஏதோ லேசாகக் குத்தியது; அது போகட்டும் என்று விட்டுவிட்டு, அடுத்தவனுக்கு ஊதா நிறம் கலந்து கொடுத்தார்.

கிறிஸ்துமஸ் லீவில் பெரிய சண்டை நடந்தது. நடுவில் நெளிக்கோட்டுக் கேடயக்காரர்கள், இடப்பக்கம் மொட்டைக் கேடயங்கள், வலப்பக்கம் கோபுரக் கரைக்காரர்கள். எல்லார் காலடியிலும் கல்லாற்று மணல். டாக்டர் இரண்டு கையாலும் பலகைகளை நகர்த்தினார். சில சமயம் வரிசை கோணிக்கொண்டது, வெங்கிடேஷ் ஸ்கேலால் தட்டிச் சரி செய்தான். பகடையை உள்ளங்கையில் வைத்துக் குலுக்க அவருக்குச் சிரமமே இல்லை. பகவதி நாற்காலி போட்டு உட்கார்ந்து, எது யாருடைய ஆள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மொட்டைக் கேடயங்கள் முதலில் உடைந்தன. நடுவரிசை சாயங்காலம் வரை பிடித்து நின்றது. வலப்பக்கத்து ஆட்கள் கிரேக்கர்களை மேஜை விளிம்புவரை தள்ளிக்கொண்டு போனார்கள்.

வெங்கிடேஷ் கணக்குப் போட்டுப் பார்த்தான். "சமம், டாக்டர். ரெண்டு பேரும் ஜயிக்கலை."

"எனக்கு அது போதும்" என்றார் டாக்டர். மாளவிகா போதாது என்றாள். தன் ஆட்கள் ஒருவன்கூடச் சாகவில்லை, பிறகு எப்படிச் சமம் என்று அவனோடு வாதாட ஆரம்பித்தாள். டாக்டர் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் அடுக்கிக்கொண்டே, அடுத்த தடவை அக்காவிடம் குதிரைப்படை கொண்டுவரச் சொல்ல வேண்டும், அதற்கு இன்னும் பெரிய பலகை வெட்டலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.